ஆளுக்கு ஒரு திருகு

வண்டிக்கடியில் பச்சையாகத் தேங்கிக் கிடந்ததை முதலில் பார்த்தது சேவல்தான். அது அலகை நீட்டுவதற்குள் இஜ்ஜா செருப்பைக் கழற்றி எறிந்தாள். சேவல் வாதுமை மரத்தின் தாழ்ந்த கிளைக்குப் பறந்து போய் உட்கார்ந்து, தனக்கு நடந்த அநியாயத்தை ஊருக்கே சொல்லிக் கூவியது. பூத்திருந்த கிளை குலுங்கி, அதன் முதுகில் நாலைந்து வெள்ளை இதழ்கள் விழுந்தன.

இஜ்ஜா குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து வண்டியின் வயிற்றைப் பார்த்தாள். நேற்று வரை சொட்டாக விழுந்தது இன்றைக்கு நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாய் இரும்புக் குழாயோடு சேருகிற இடத்தில் உப்புப் பூத்தது போல் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைத் தொட்டவுடன் குழாயில் முதலைத்தோல் மாதிரி வெடிப்புகள் விரலில் பட்டன.

"ஏங்க," என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "உங்க வண்டி ராத்திரி படுக்கையிலயே போயிருச்சு."

உள்ளே அவள் புருஷன் இத்தர் பார்லி ரொட்டியை அர்கான் எண்ணெயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"யாரு வண்டி? லைசென்ஸ் யாரு கையில இருக்கோ அவங்க வண்டி. நான் வெறும் பயணி."

அந்தப் பேச்சில் பொய் இல்லை. இத்தர் பிரான்சு நாட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து, பென்ஷனோடு சொந்த ஊரான தஸ்ரீர்த்துக்குத் திரும்பி வந்தபோது இந்த வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டிக்குள்ளேயே கட்டில், இரண்டு அடுப்பு, ஒற்றைக் காலில் நிற்கும் மடக்கு மேசை எல்லாம் உண்டு. வண்டிக்கு வயது முப்பதுக்கு மேல். அதைச் செய்தவனுக்கு என்ன தோன்றியதோ, இஞ்சினைப் பின்னால் வைத்து, அதைக் குளிர்விக்கிற ரேடியேட்டரை முன்னால் மூக்கில் வைத்துவிட்டான். நடுவில் வயிற்றோடு இரண்டு நீளக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றை அங்கங்கே இணைக்கப் பதினான்கு ரப்பர் குழாய்கள். அந்தப் பதினான்கில் எது விட்டாலும் பச்சைத் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் வண்டி கொதிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் தீஸி கணவாயில் அப்படித்தான் கொதித்து நின்றது. இஜ்ஜாவின் அம்மா வீட்டு ஊரான அயித் ஊமருக்குத் திருவிழாவுக்குப் போகிற வழி. கடைசியில் டிராக்டர் இழுத்துக்கொண்டு போய் விட்டது. அதற்கப்புறம் இத்தரின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கோடையில்தான் ஆப்பரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி வாதுமை மரத்தடியில் கோழிகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது.

ஐம்பத்தாறு வயதில் இஜ்ஜா டிஸ்னித்துக்குப் பஸ் ஏறிப் போய் ஓட்டப் படித்தாள். முதல் தடவை பின்பக்கம் எடுக்கும்போது கம்பத்தை இடித்தாள். இரண்டாம் தடவை கம்பத்தை இடிக்கவில்லை, ஆனால் பரீட்சை வைத்த அதிகாரியின் தொப்பி மேல் ஏற்றிவிட்டாள். மூன்றாம் தடவை லைசென்ஸ் கொடுத்தார்கள். ஐந்து மாதமாகச் சந்தைக்கும் வீட்டுக்குமாகச் சமதரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கணவாய் ஏறியதில்லை.

வியாழக்கிழமை அயித் ஊமரில் திருவிழா. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாக, டிராக்டர் இழுத்த அந்த ஒரு வருடம் தவிர, அந்தத் திருவிழாவுக்கு அவள் சந்தை லாரியில், ஆடுகளுக்கு நடுவே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் போயிருக்கிறாள். புதுத் துப்பட்டி போர்த்தி, கைக்கு மருதாணி வைத்து, வெள்ளி மாட்டி, எல்லாம் செய்துகொண்டு போனாலும் இறங்கும்போது ஆட்டு மூத்திர வாசனைதான் முன்னால் இறங்கும். இந்த ஒரு தடவையாவது அந்த வாசனை இல்லாமல், தன் கையால் ஓட்டிக்கொண்டு போய், அம்மா வீட்டு வாசலில் இறங்க வேண்டும். மனதில் இருந்தது அது ஒன்றுதான். அண்ணன் பீஹியிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் போன் சூடாகிவிட்டது.

"நீயா? கணவாய் ஏறியா? ஏட்டி, பேசாம லாரிக்காரன்கிட்ட சொல்லி வைக்கேன். ஆட்டோட ஆடா வந்து சேரு."

"நான் ஓட்டிட்டுத்தான் வருவேன்ண்ணே."

"வா, வா. டிராக்டர்காரன்கிட்டயும் சொல்லி வைக்கேன்."

புதுக் குழாய்கள் பிரான்சில் இருக்கும் இத்தரின் அக்கா மகன் மூலமாக வந்து பத்து நாளாகிறது. அவற்றை மாட்டத் தெரிந்தவன் பெலாயித் ஒருவன்தான். கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். அவனுக்குப் புதன்கிழமைதான் ஒழிந்தது. புதன் வேலை, வியாழன் பயணம். இஜ்ஜா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மழைத்தொட்டியில் தண்ணீர் இறைக்கப் போனபோதுதான் அவள் வாயைக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு மமாஸ் கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கு என்ன விசேஷம்? பெலாயித்த வரச் சொல்லியிருக்கியாமே?"

"வண்டிக்கு நரம்பு மாத்தணும் மமாஸ். ஒண்ணா ரெண்டா, பதினாலு குழாய். ஒரு திவீஸி வச்சாத்தான் முடியும் போல."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. மமாஸ் வாளியை அப்படியே தொட்டிக்குள் விட்டுவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படியா சங்கதி?" என்றாள்.

தஸ்ரீர்த்தில் தொட்டி தூர்வாருவதும், கூரை போடுவதும், வாதுமை உலுக்குவதும் ஊர் கூடித்தான். அந்தக் கூட்டு வேலைக்குப் பெயர் திவீஸி. வேலைக்கு உடையவர் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அள்ள முடியாது. வருகிறவர்கள் அவரவர் கருவியோடு வருவார்கள். வீட்டுக்காரி வயிறு நிறையச் சோறு போட வேண்டும். வந்தவர் ஒவ்வொருவரும் வேலையில் கை வைக்க வேண்டும். கை வைக்காமல் ஒருவர் திரும்பிப் போனாலும் அந்த வேலையில் பரக்கத் இருக்காது, வேலை விளங்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

புதன்கிழமை காலை பனி விலகுவதற்கு முன்பே வாசலில் ஆள் சத்தம் கேட்டது. இஜ்ஜா கதவைத் திறந்தாள். அரிவாள், கயிறு, கடப்பாரை, கூடை சகிதம் ஆண்களும் பெண்களுமாக இருபத்து மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மூலூத் தோளில் மண்வெட்டியோடு நின்றார்.

"மண்வெட்டி எதுக்கு மூலூத் அண்ணே?"

"குழாய் வேலைன்னு மமாஸ் சொன்னா. குழாய்ன்னா தோண்டணும்ல?"

இஜ்ஜா மமாஸைப் பார்த்தாள். மமாஸ் ஒரு கூடை டர்னிப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, "என்னைப் பாக்காத. அடுப்பப் பாரு. இத்தன பேருக்கு கூஸ்கூஸ் அவியணும்," என்று நேரே சமையலறைக்குப் போனாள்.

பெலாயித் மொபெட்டில் வந்து இறங்கினான். கூட்டத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டான்.

"யாரும் தவறல. என் வாய்தான் தவறிப் போச்சு," என்றாள் இஜ்ஜா. "வேலைய ஆரம்பிப்பா."

முதலில் பழைய தண்ணீரை வடிக்க வேண்டும். பதினாறு லிட்டர். "பெரிய பாத்திரமா ஒண்ணு குடுங்க," என்று பெலாயித் கேட்டதும் பெண்களில் ஒருத்தி மாவு பிசைகிற மரத்தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கண் தெரியாத இத்தருக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ, உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினார்.

"ஐயோ, சமையல் பாத்திரம் வேண்டாம்! அது விஷம். சர்பத் மாதிரி இனிக்கும், குடிச்சா ஆள முடிச்சிரும். சிமெண்டு கலக்குற தொட்டியக் கொண்டாங்க."

பச்சைத் தண்ணீர் சிமெண்டுத் தொட்டியில் இறங்கியது. மேலே ஒரு பலகையைப் போட்டு மூடி, சேவலின் சுபாவம் தெரிந்ததால் பலகை மேல் கல்லும் வைத்தாள் இஜ்ஜா. பிறகு ஒரு பழைய ஆட்டுத்தோலை விரித்து, பெலாயித்தும் அவளுமாக வண்டிக்கடியில் நுழைந்தார்கள். ஓட்டுகிறவளுக்கு வண்டியின் வயிறு தெரிந்திருக்க வேண்டும் என்று அவன்தான் அவளையும் கூப்பிட்டான்.

"பழைய குழாயப் பிடிச்சு இழுக்கக் கூடாதுக்கா. வருஷக்கணக்கா ஒட்டிக் கிடக்கு. இழுத்தா உள்ள இருக்கிற முனை ஒடிஞ்சிரும். கத்தியால நீளவாக்குல கீறி, தோலு உரிக்கிற மாதிரி உரிச்சு எடுக்கணும்."

"ஆட்டுக்கால் தோலு உரிக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப நீ தள்ளு," என்று அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

இத்தர் வண்டியோரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, புதுக் குழாய்களை மடியில் பரப்பி, ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து அது எங்கே போகும் என்று சொன்னார். "இது முட்டி மாதிரி வளஞ்சிருக்கு, ரேடியேட்டர் மேல்முனை. இது நேர்க்குழாய், வயித்துல வலப்பக்கம்." இரும்பு முனையை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தொட்டு, குழாயைத் திருகித் திருகி ஏற்றி, மேலே கிளாம்பு வளையத்தை மாட்டித் திருகினான் பெலாயித். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையும் காட்டினான்.

"திருப்புளிய ரெண்டு விரலாலதான் பிடிக்கணும்க்கா. விரலு வலிக்க ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்திரணும். அதுக்கு மேல ஆசப்படக் கூடாது."

வெளியே, அடுப்படிக்குப் போகாதவர்கள் எல்லோரும் வட்டமாகக் குந்தி, குழிக்குள் பாம்பு தேடுகிறவர்களைப் பார்ப்பது போல வண்டிக்கடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மூலூத் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "நடுவுல தோண்டணும்னா சொல்லு," என்று இரண்டு தடவை கேட்டார்.

பகல் தொழுகைக்குள் பதினான்கும் ஏறிவிட்டன. கோதுமை ரவைக் கூஸ்கூஸ் மலைபோல வெந்து இறங்கியது. மேலே டர்னிப், பூசணி, நடுவில் ஆட்டுக்கறி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சட்டி மோர். புதுப் பச்சைத் தண்ணீருக்கான கூலண்ட் கேன்கள் தன் வீட்டில் இருப்பதால், நாலு கவளம் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு பெலாயித் மொபெட்டில் கிளம்பினான்.

சாப்பிட்டு முடித்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத் கையைக் கழுவி, தாடியைத் துடைத்து, வீட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"இஜ்ஜா, சோறு சாப்பிட்டாச்சு. இன்னும் ஒரு கையும் வேலையில படலியே. சும்மா சாப்பிட்டுப் போறது முறையில்ல பாரு."

வண்டிக்கடியில் நுழைய யாராலும் முடியவில்லை. ஆனால் மூக்கின் மூடியைக் கழற்றி வைத்திருந்ததால் முன்பக்கம் ரேடியேட்டரும், அதன் மூன்று குழாய்களும், ஆறு கிளாம்புகளும் நின்ற வாக்கில் கைக்கு எட்டுகிற உயரத்தில் பளபளத்தன. இத்தர் பக்கத்தில் நின்று கல்யாண வீட்டுக்காரர் போல, "வாங்க, வாங்க," என்று திருப்புளியை எடுத்துக் கொடுத்தார். ஹஜ்ரத் பிஸ்மில்லா சொல்லி ஒரு திருப்புத் திருப்பினார். அடுத்தவர் ஒரு திருப்பு. மூலூத் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு, கையில் எச்சில் தொட்டு ஒன்றரைத் திருப்பு. மமாஸ் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "எனக்கு வைக்கலியா?" என்று கேட்டு வாங்கித் திருப்பினாள். இஜ்ஜா தேநீர்த் தட்டோடு வெளியே வந்து அந்த வரிசையைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பேருடைய துஆ இருக்கும்போது தீஸி கணவாய் என்ன செய்துவிடும்? தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தானும் போய்க் கால் திருப்புத் திருப்பினாள்.

பெலாயித் வந்தான். கூலண்டை ஊற்றினான். இஜ்ஜா ஏறிச் சாவியைத் திருகினாள். இஞ்சின் பின்னால் இருமி, பிறகு சீராக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர் ஒரு சுற்று முடிகிற நேரம் போயிருக்கும். முன்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீர் விசிறி மாதிரிப் பீறிட்டு, ரேடியேட்டருக்கு நேர் எதிரே நின்று ரசித்துக்கொண்டிருந்த மூலூத்தின் வெள்ளை அங்கியை மார்பு முதல் முழங்கால் வரை நனைத்தது.

"அணைங்க! அணைங்க!" என்று பெலாயித் கத்தினான். மூலூத்தைத் தொட்டிக்கு ஓட்டிக்கொண்டு போய் இரண்டு பெண்கள் தலையோடு தண்ணீர் ஊற்றினார்கள்.

பெலாயித் ரேடியேட்டருக்கு முன் மண்டியிட்டான். கிளாம்பின் விளிம்பு ரப்பரைக் கத்தி ரொட்டியை அறுப்பது போல அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. மூன்று குழாயிலும் அப்படியே. அவன் எழுந்து எல்லோரையும் பார்த்தான்.

"யாரு இத இறுக்கினது?"

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மேகம் கூட இல்லை. கடைசியில் ஹஜ்ரத்தான் தொண்டையைச் செருமினார்.

"அல்லாஹ் பேரச் சொல்லித்தான்ப்பா இறுக்கினோம்."

"பேரு சொன்னது சரிதான் ஹஜ்ரத். திருகாமச் சொல்லியிருக்கலாம்."

ஊர் கூடினால் தேர் நகரும், திருகு தாங்காது. இஜ்ஜா வண்டியின் படியில் உட்கார்ந்தாள். குழாய் இனி பிரான்சிலிருந்து வர வேண்டும். திருவிழா நாளைக்கு.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பீஹி.

"இஜ்ஜா, லாரிக்காரன் பக்கத்துல நிக்கான். நாளைக்குக் காலையில ஏழரை மணிக்கு உங்க ஊரு முக்குக்கு வருவான். ரெண்டே ரெண்டு எடம்தான் இருக்காம், மீதி ஆடு. சாயங்காலம் மகரிபுக்குள்ள சொல்லணுமாம். போட்டு வைக்கவா?"

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "மகரிபுக்குள்ள சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

"நாங்க வேணும்னா..." என்று மமாஸ் தொடங்கினாள்.

"ஒண்ணும் வேண்டாம். நானும்தான் திருப்பினேன்," என்றாள் இஜ்ஜா. பிறகு பெலாயித்திடம், "அறுந்தது முனையிலதானே? அந்த முனைய வெட்டிப் போட்டுட்டு மீதிய மாட்டினா என்ன?"

பெலாயித் குழாய்களைக் கழற்றி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நேர்க்குழாய் ரெண்டும் தாராளம்க்கா, வெட்டி மாட்டிரலாம். இந்த முட்டிக்குழாய்தான். வெட்டினா ரெண்டு விரக்கடை பத்தாது. நடுவுல வெட்டி, உள்ள ஒரு உலோகக் குழாயக் குடுத்து நீட்டலாம். இந்த அகலத்துக்குச் சரியா ஒரு குழாய் வேணும். கட்டியா இருக்கணும், துருப்பிடிக்காததா இருக்கணும்."

உடனே நாலு பேர் நாலு வீட்டுக்கு ஓடினார்கள். தண்ணீர்க் குழாய் வந்தது, மெலிவு. பாசனக் குழாய் வந்தது, பிளாஸ்டிக். யாரோ குடைக்கம்பு கொண்டுவந்தார்கள். வெயில் சரிந்து எதிர்மலையின் சிவப்புப் பாறைகள் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

இத்தர் எழுந்து வண்டிக்குள் ஏறினார். உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. மடக்கு மேசையின் ஒற்றைக் காலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அலுமினியக் குழாய். பெலாயித் வாங்கி ரப்பருக்குள் நுழைத்துப் பார்த்தான். கழுத்துக்கு அளவெடுத்த காலர் போல உட்கார்ந்தது.

இஜ்ஜாவுக்கு அந்த மேசையைப் பற்றித் தெரியும். வருடா வருடம் விடுமுறைக்கு வரும்போது ஸ்பெயின் முழுக்க அந்த மேசையில்தான் அவர் சாப்பிட்டார். அவளுக்குக் கடிதம் எழுதியதும் அதன் மேல்தான். பள்ளிக்கூடத்துப் பையன் படித்துக் காட்டுகிற கடிதங்களில் கோடு வளைந்திருந்தால், வண்டி ஓரமாக நின்ற இடம் மேடு என்று அவளுக்கு அர்த்தம்.

"வேண்டாங்க. வேற எதாச்சும் பாப்போம்."

"எதுக்கு? மேசையில தனியா ஒக்காந்து தின்னது போதும்," என்றார் அவர். "ரம்பத்த எடுத்து நீயே அறு. எனக்குக் கோடு தெரியாது."

அவள் அறுத்தாள். நான்கு விரல் நீளத் துண்டு. இரண்டு முனையையும் தேய்த்து மழுக்கினாள். பெலாயித் முட்டிக்குழாயை நடுவில் வெட்டி, இரு பக்கமும் துண்டை நுழைத்து, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு அலுமினியம் மோதிரம் போல மின்னும்படி நீட்டினான். பிறகு திருப்புளியை எடுத்தான். ஹஜ்ரத் முதல் மூலூத் வரை எல்லோருடைய கையும் தன்னையறியாமல் ஒரு அங்குலம் முன்னால் வந்தது.

இஜ்ஜா நடுவில் வந்து நின்றாள்.

"திருகுல ஒரு கையும் படக் கூடாது."

கூட்டம் முணுமுணுத்தது. "அப்ப முறை?" என்றார் ஹஜ்ரத்.

அவள் பெலாயித்தைப் பார்த்தாள். "இனி என்ன செய்யணும், சொல்லு."

"தண்ணி ஊத்தணும். குழாய்க்குள்ள காத்து நின்னா மறுபடி கொதிக்கும். காத்து மேல ஏறி மூக்கு வழியா வெளிய போகணும். அதுக்கு வண்டியோட மூக்கு முழங்கால் உயரத்துக்குத் தூக்கி நிக்கணும். ஜாக்கி நம்ப முடியாது. இங்க எல்லாம் சமதரையா இருக்கு."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று இஜ்ஜா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "முன்சக்கரம் ரெண்டுக்கும் கல்லால ரெண்டு சரிவு வேணும். வண்டி ஏறி நிக்கணும், நகரக் கூடாது. எல்லாக் கையும் வேணும். திருகு எனக்கு, கல்லு உங்களுக்கு. பரக்கத் கல்லுல இருந்தாலும் வண்டிக்குத்தான் சேரும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்து ஓடியது. தஸ்ரீர்த்துக்காரர்களுக்குக் குழாய் தெரியாது, கல் தெரியும். மலைச்சரிவு முழுக்கச் சாந்து இல்லாமல் கல் அடுக்கி மேடை மேடையாக வயல் கட்டி வைத்த கைகள். பெண்கள் கூடையில் சுமந்தார்கள். ஆண்கள் அடுக்கினார்கள். ஒவ்வொரு கல்லையும் கையில் ஒரு தடவை உருட்டி, அதற்கு எந்தப் பக்கம் முகம் என்று பார்த்து வைத்தார்கள். மூலூத் ஈர அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் அடித்தளத்துக்கு இரண்டு பள்ளம் வெட்டினார்.

"தோண்டணும்னு நான் காலையிலயே சொன்னேன்ல," என்றார்.

அவர்கள் கட்டுகிற நேரத்தில் இஜ்ஜா ரேடியேட்டருக்கு முன் மண்டியிட்டு பழைய ஆறும் புதுத் துண்டுக்கு இரண்டுமாக எட்டுக் கிளாம்புகளையும் ஒவ்வொன்றாகத் திருகினாள். இரண்டு விரல். வலிக்கிற இடத்தில் நிறுத்தினாள். விரல் இன்னும் கொஞ்சம் என்று கேட்டது, கொடுக்கவில்லை.

சரிவுகள் தயாரானதும் அவள் ஏறி உட்கார்ந்தாள். "இடப்பக்கம், இடப்பக்கம், நேரா, வா, வா!" என்று இருபத்து மூன்று பேரும் இருபத்து மூன்று விதமாகக் கைகாட்டினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் இரண்டு கல்வரிசைகளை மட்டும் பார்த்து ஏற்றினாள். ஒரு கல் கூட அசையவில்லை. வண்டி வானத்தைப் பார்த்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

பெலாயித் ரேடியேட்டர் தலையில் இருந்த சின்னத் திருகைத் திறந்தான். காற்று சீறியது, பிறகு நுரை கொப்பளித்தது, பிறகு கொப்பளிப்பு குறைந்து பச்சைத் தண்ணீர் கண்ணீர் போல ஒழுங்காக வழிந்தது. திருகை மூடினான். பின்னால் போய் ஊற்றினான். மறுபடி திறந்தான். மூன்று தடவை. அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைத் திறக்கச் சொன்னான்.

"முன்னால சூடான காத்து வந்தா தண்ணி முழுசாச் சுத்துதுன்னு அர்த்தம். குளுந்த காத்து வந்தா, உள்ள இன்னும் காத்து இருக்கு."

இத்தர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காற்று வருகிற துளையில் உள்ளங்கையை வைத்தார். வெயில் மலையுச்சியில் ஒரு கோடாக நின்றது. வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"குளிரு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குளிரு," என்றார். இஜ்ஜா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். அவர் மெதுவாக அவள் கையை எடுத்துத் துளைக்கு நேராக வைத்தார். ரொட்டி சுடுகிற அடுப்பைத் திறந்தது போல அனல் அவள் விரல்களில் பட்டது.

பள்ளிவாசலில் மகரிபு பாங்கு சொல்லும்போது அவள் பீஹிக்குப் போன் போட்டாள். "அண்ணே, அந்த ரெண்டு எடத்துலயும் ஆட்டையே ஏத்தச் சொல்லிருங்க."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். பின்னால் கட்டிலில் மமாஸும் இன்னும் நாலு பெண்களும், மடியில் தேன் சட்டியும் வாதுமைப் பையும். முன்னால் இத்தர், ஒரு கை ஹீட்டர் துளையில். தீஸி கணவாயில் ஒன்பது வளைவு. முதல் மூன்றில் பெண்கள் பாடினார்கள். நாலாவது வளைவில் இஜ்ஜா கியரைத் தவறாகப் போட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் பாட்டு நின்று துஆவானது. ஐந்தாவதில் சந்தை லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. அவள் ஒதுங்கவில்லை; ஒதுங்க இடமும் இல்லை. லாரிக்காரன் உச்சி வரை ஆடுகளோடு அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தான்.

"சூடு காட்டுற முள்ளு எங்க இருக்கு?" என்று இத்தர் ஒவ்வொரு வளைவிலும் கேட்டார்.

"நடுவுலதாங்க."

"இப்ப?"

"நடுவுலயேதாங்க. வளைவுல பேச்சுக் குடுக்காதீங்க."

உச்சியில் அவள் நிறுத்தவே இல்லை. கீழே அயித் ஊமர் வாதுமைப் பூவுக்கு நடுவே இளஞ்சிவப்பு வீடுகளாகத் தெரிந்தது. திருவிழாப் பந்தல்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

பீஹி வழக்கம்போல விருந்தாளியை வரவேற்கப் பால் கிண்ணத்தோடு வீதிக்கு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி தூதாவும், தெருவிலிருந்த பாதிப் பெண்களும். வண்டி நின்றதும் அவன் பழக்கதோஷத்தில் ஆம்பளை இருக்கிற பக்கம் போனான். கதவைத் திறந்து கிண்ணத்தை நீட்டினான்.

இத்தர் வாங்கவில்லை. "பால அந்தப் பக்கம் கொண்டு போ மச்சான். கணவாய் ஏறினவங்களுக்குத்தான் முதல்ல."

பீஹி கிண்ணத்தை இழுத்துக்கொண்டான். பிறகு வண்டியின் முன்னால் சுற்றி வந்தான். வரும்போதே அதன் மூக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"கொதிக்கல?" என்றான் தங்கையிடம்.

"கொதிக்கலண்ணே."

"வழியில எங்கயாச்சும் நிறுத்தி ஆறவிட்டியா?"

"பின்னால லாரிக்காரன் வாறான், அவன்கிட்ட கேளுங்க. அவன்தான் என் பின்னாலயே ஆறி ஆறி வந்தான்."

தெருப் பெண்கள் சிரித்த சிரிப்பில் கூரை மேலிருந்த புறாக்கள் எழுந்தன. பீஹி கிண்ணத்தை நீட்டினான், இரண்டு கையாலும். இஜ்ஜா வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு சாவியில் கை வைக்கும்போது பின்பக்கக் கதவு தடாலென்று சாத்துகிற சத்தம் கேட்டது. தூதா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மமாஸுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் ஏறியிருந்தார்கள்.

"மதினி, ஊரச் சுத்தி ஒரு ரவுண்டு," என்றாள் தூதா.

"ஏய்! அடுப்புல கூஸ்கூஸ் கிடக்கு!" என்றான் பீஹி.

"ஆவியில வேகுறதுக்கு நான் எதுக்கு? நீங்க போய் மூடியப் பிடிச்சிட்டு நில்லுங்க," என்றாள் அவன் மனைவி.

இஜ்ஜா அண்ணனிடம் காலிக் கிண்ணத்தைக் கொடுத்தாள். கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்து, முதல் கியரைச் சரியாகப் போட்டாள். பீஹி நடுவீதியில் கிண்ணத்தோடு நின்றான். வண்டி பந்தல்களைச் சுற்றித் திரும்புகிற வரைக்கும் உள்ளேயிருந்து பெண்களின் குலவைச் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.